தளும்பாத குடம்

(சித்திரா பௌர்ணமிப் பால்குட விரதத்தின் தொடக்க நாளன்று ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"அன்றாட வாழ்வில் மன அமைதி" என்னும் பொருள் குறித்துப் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது நான் முதலில் மறுத்துவிட்டேன். முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவன் நான். என் குரல் பள்ளித் திடலின் மறுகோடிவரை கேட்கும் என்பதை என்னிடம் பயின்றவர்கள் அறிவார்கள். அவர்களுள் சிலர் இங்கேயே அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மன அமைதியைப் பற்றிப் பேச அமைதியே உருவான ஒருவரை அழைப்பதன்றோ முறை? ஆயினும் செயலாளர் விடவில்லை. "வழி தவறியவருக்குத்தான் ஐயா வழி நன்றாகத் தெரியும்" என்று சொல்லி என்னைப் பிடித்துவிட்டார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை இந்த உரையின் நடுவே நீங்களே காண்பீர்கள்.

அன்பர்களே, பால்குடத்திலிருந்தே தொடங்குகிறேன். சித்திரா பௌர்ணமியன்று ஆற்றங்கரைப் பிள்ளையார் மேடையிலிருந்து நம் அம்மன் சந்நிதிவரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரம் நீங்கள் குடம் சுமந்து நடக்கப் போகிறீர்கள். முன்னே நாதசுரமும் தவிலும் செல்லும். பின்னே உறுமி மேளம் முழங்கும். வெயில் ஏறும், தார்ச்சாலை சுடும். வழியோரத்தில் உறவினர் பெயர் சொல்லி அழைப்பர். கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுப்பர். இத்தனைக்கும் நடுவே உங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான். குடத்துப் பால் சிந்தாமல் அம்மனிடம் சேரவேண்டும். ஏன் நம் முன்னோர் இப்படி ஒரு நேர்த்திக்கடனை வகுத்தார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பாலை அம்மனிடம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாமே!

திருக்கோயிலை வலம் வரும் முறையைப் பற்றிச் சைவப் பெரியோர் ஓர் உவமை கூறுவர். நிறைகர்ப்பிணியான ஒரு பெண் தலையில் எண்ணெய்க்குடத்தைத் தாங்கிக்கொண்டு எப்படி அடிமேல் அடி வைத்து நடப்பாளோ, அப்படி வலம் வரவேண்டும் என்பது அது. வயிற்றில் ஓர் உயிர். தலையில் வழுக்கும் எண்ணெய். அவள் விரைய முடியாது; வேடிக்கை பார்க்க முடியாது; நேற்று மாமியார் சொன்ன சொல்லை நினைத்துக்கொண்டும் நடக்க முடியாது. ஒவ்வோர் அடியிலும் அவள் மனம் இருந்தாக வேண்டும். நாமோ நவக்கிரகத்தை ஒன்பது முறை சுற்றுவதை ஓட்டப்பந்தயம் போல் முடித்துவிட்டு வாகனம் நிறுத்துமிடத்தை நோக்கி நடக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுகமுனிவரின் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சுவாமி விவேகானந்தர் தம் கர்ம யோகச் சொற்பொழிவுகளில் இக்கதையை எடுத்துரைத்தார். வியாசர் தம் மகன் சுகரை ஞானம் பெறுவதற்காக சனக மன்னனிடம் அனுப்புகிறார். மன்னன் விளிம்புவரை பால் நிறைந்த கிண்ணம் ஒன்றைச் சுகரின் கையில் கொடுத்து, ஒரு துளியும் சிந்தாமல் சபையை ஏழு முறை சுற்றி வரச் சொல்கிறான். ஒருபுறம் இசை, மறுபுறம் நடனம். சுகர் ஏழு முறையும் சுற்றி வருகிறார். ஒரு துளியும் சிந்தவில்லை. "உமக்கு நான் கற்பிக்க வேண்டியது ஏதுமில்லை" என்ற பொருள்பட மன்னன் பேசி அவரை அனுப்பிவைக்கிறான். பௌத்தர்களின் பாலி நூல்களுள் ஒன்றான சம்யுத்த நிகாயத்திலும் இதை ஒத்த கதை உண்டு. அங்கே பாலுக்குப் பதில் எண்ணெய். ஒரு பக்கம் பெருங்கூட்டம், மறுபக்கம் ஆடிப்பாடும் அழகி, நடுவே எண்ணெய்க் கிண்ணம் ஏந்தி நடக்கும் மனிதன். துளி சிந்தினால் தலையைக் கொய்வதற்கு உருவிய வாளுடன் ஒருவன் பின்தொடர்கிறான். அந்த மனிதனின் கவனத்துக்குப் புத்தர் இட்ட பெயர் "சதி". நாம் சதி என்றால் சூழ்ச்சி என்று பொருள் கொள்வோம். பாலி மொழியில் அது நினைவு, விழிப்பு என்று பொருள்படும். வடமொழியில் ஸ்மிருதி என்பதும் அதுவே. இலங்கையில் அரசுப் பணி புரிந்த ரைஸ் டேவிட்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1881இல் அச்சொல்லை "மைண்ட்புல்னஸ்" என்று பெயர்த்தார். இன்று நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் பெருங்கட்டணம் பெற்று நடத்தப்படும் வகுப்புகளின் பெயர் அங்கிருந்து வந்ததே. நாம் அதை மனவிழிப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

இதை நான் நூல்களில் படித்தது பின்னாளில். முதன்முதலில் அதைக் கண்டது ஓர் ஐந்தடி உயரப் பெண்மணியிடம். அவர் என் தாயார்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. இளைஞர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். விடியலுக்கு முன்னே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு என் தாயார் தம் நிரைக்குச் செல்வார். இருளில் ஏன் போகவேண்டும் என்று சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். குளிர்ந்த அதிகாலையில்தான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. "மரம் தூங்கி எழுந்திருக்கும் நேரம் ஐயா" என்றுதான் சொன்னார்.

பள்ளி விடுமுறையில் நானும் உடன் போவேன். முந்திய வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துக் கூடையில் போடுவதும், மங்கைத் துடைத்து வைப்பதும் என் வேலை. வெட்டுவது அவர் வேலை. அது எத்தகைய வேலை என்பதைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது விளங்கும். மரத்தின் பட்டையில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரியும் கோட்டில், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சீவல் சீவி எடுக்கவேண்டும். பால்குழாய்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் உட்புறத்தில், கட்டைக்கு மிக அருகில். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகச் சீவினால் கத்தி கட்டைக்கும் பட்டைக்கும் இடையே உள்ள உயிர்ப்படலத்தைத் தொட்டுவிடும். அங்கிருந்துதான் மரம் புதிய பட்டையை வளர்க்கிறது. அதில் காயம் பட்டால் அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகத்தான் பட்டை திரும்ப வளரும். பின்னர் அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. பால் வரும் ஆழத்துக்கும் காயம் படும் ஆழத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் கனம். கட்டை விரல் நகத்தின் கனத்தைச் சற்று மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைக் கொல்லாமல், பழைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் இம்முறையை வகுத்தவர் 1888இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்று பாடநூல்கள் கூறும். உண்மைதான். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரை நாள்தோறும் காப்பாற்றியது, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நின்ற நம் தாய்மாரின் கை.

ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்தின் முன்னும் அம்மா ஒரு கணம் நிற்பார். கத்தியைப் பட்டையில் வைப்பார். மூச்சை மெல்ல வெளியே விட்டபடி இழுப்பார். சீவல் சுருண்டு விழும். பால் ஒரு வெள்ளை நூலாய்க் கோட்டில் இறங்கி மங்கில் சொட்டத் தொடங்கும்வரை பார்ப்பார். அடுத்த மரத்துக்கு நடப்பார். அவ்வளவுதான். நான் ஏதாவது கேட்டால் நடக்கும்போது விடை சொல்வார். கத்தி பட்டையில் இருக்கும்போது சொல்லமாட்டார். வீட்டில் கடன் இருந்தது. அப்பாவுக்கு நோய் இருந்தது. கிராணியின் ஏச்சு இருந்தது. அவற்றையெல்லாம் அவர் மறந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. "ஒரு மரத்துக்கு ஒரு மரம்தான் தம்பி. ஐந்நூறையும் நினைத்தால் முதல் மரத்திலேயே கை நடுங்கும்" என்று ஒருமுறை சொன்னார். மனவிழிப்பைப் பற்றி நான் பின்னர் படித்த எந்த நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடவில்லை.

இனி, என் கதைக்கு வருகிறேன். இதை இம்மேடையில் சொல்லவேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தேன். வீட்டில் அனுமதி பெற்றே சொல்கிறேன்.

1996ஆம் ஆண்டுச் சித்திரா பௌர்ணமி. நான் பால்குடம் எடுக்கத் தொடங்கிப் பதினோராம் ஆண்டு. அந்நாளில் குடத்தின் வாயை நாங்கள் கட்டுவதில்லை. ஒரு துண்டு வாழையிலையை மேலே வைத்து இரண்டு வேப்பிலைக் கொத்துச் செருகியிருப்போம், அவ்வளவே. அன்று என் குடத்திலிருந்து ஒரு துளியும் சிந்தவில்லை. அபிடேகத்துக்குக் குடத்தைக் கொடுத்தபோது குருக்கள் ஐயா நிறைந்திருந்த பாலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அபிடேகப் பாலில் சிறிது வாங்கி ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். வாகனத்திலிருந்து இறங்கும்போது சொம்பை என் மகன் கையில் கொடுத்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வெறுங்காலுடன் என்னோடு இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளை. வாசற்படியில் கால் தடுக்கியது. சொம்பு உருண்டது. பால் அவன் சட்டையிலும் படியிலும் கொட்டிவிட்டது.

நான் அவனை அறைந்தேன். அதோடு விட்டிருக்கலாம். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, "இரண்டு கிலோமீட்டர் நான் சிந்தாமல் கொண்டு வந்தேன், பத்தடி தூரம் உன்னால் கொண்டுவர முடியவில்லையா? நீ எதற்கும் உதவாதவன்" என்று கத்தினேன். தாங்க முடியாத சொற்கள் இன்னும் சில உண்டு. அவற்றைச் சபையில் சொல்லலாகாது. நெற்றியில் திருநீறும், கையில் காப்பும் அப்போதும் இருந்தன.

பையன் அழவில்லை. உள்ளே போய்விட்டான். என் தாயார் ஒரு துணியை எடுத்து வந்து படியைத் துடைத்தார். துடைத்து முடித்து எழுந்து, என் முகத்தைப் பார்த்து, "வெட்டு ஆழமாகப் போய்விட்டது தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன்பின் 2005இல் அவர் காலமாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

அடுத்த ஆண்டு மகன் தனக்குத் தேர்வு இருப்பதாகக் கூறித் திருவிழாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு காரணமும் கூறவில்லை. என்னிடம் மரியாதைக் குறைவாக அவன் நடந்துகொண்டதே கிடையாது. கேட்டதற்கு விடை சொல்வான். ஆனால் பட்டை முடிச்சிட்டு வளர்ந்துவிட்டது. நானும் ஒவ்வோர் ஆண்டும் பால்குடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சிந்தாமல்தான் கொண்டு சேர்த்தேன். குடத்தை இறக்கி வைக்கும்போதே மனத்தையும் இறக்கி வைத்துவிடுகிறேன் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் விழிப்பாக இருந்துவிட்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தூக்கத்தில் நடந்தேன்.

இக்காலத்தில் எப்போதைக் காட்டிலும் வண்ண வண்ணத் துணிகளால் குடத்தின் வாயை இறுகக் கட்டிவிடுகிறோம். துணிக்குக் கீழே நெகிழித் தாளையும் வைத்து நூலால் சுற்றிவிடுபவர்கள் உண்டு. குடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பால் சிந்தாது. நல்ல ஏற்பாடுதான், உறவினரோடு பேசிக்கொண்டே நடக்கலாம்! தூசும் காக்கையும் விழாமல் இருக்க ஒரு மூடி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கட்டிவிட்ட குடத்துக்குக் கவனம் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

அறிவியல் என்ன சொல்கிறது என்று இளைஞர் பகுதியினர் கேட்பார்கள் என்பதால் இரண்டொரு செய்திகள். 2010இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், கைத்தொலைபேசி வழியாக 2,250 பேரை நாளின் பல்வேறு நேரங்களில் விசாரித்தார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்பவையே கேள்விகள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு, செய்யும் வேலையில் மக்களின் மனம் இல்லை என்பது தெரிய வந்தது. மனம் அலையும்போது அவர்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாகவும் இருந்தனர். 2001இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும், கத்தோலிக்கர்கள் செபமாலை சொல்லும்போதும் மந்திரம் ஓதும்போதும் மூச்சு எப்படி இயங்குகிறது என்று அளந்து பார்த்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்னும் அளவுக்கு மெதுவாகிறது என்றும், இதயத்துடிப்பின் ஒழுங்குக்கு அது நன்மை செய்கிறது என்றும் கண்டனர். மூச்சை வெளியே விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். நீட்டி விட்டால் அந்த மெதுவும் நீளும். நூற்றெட்டு மணி உருட்டிச் செபித்த நம் பாட்டிமார் எந்த அளவுகருவியும் இன்றி இதைச் செய்தார்கள். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கென்றே ஒதுக்கி, அதில் மூச்சைப் பற்றி விரிவாகப் பாடியிருக்கிறார். வீட்டில் நூல் இருந்தால் எடுத்துப் பாருங்கள்; இல்லையேல் ஆலய நூலகத்தில் இருக்கிறது, தூசு தட்டவேண்டியிருக்கும்.

ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்லவேண்டும். தூக்கமின்றி, உணவின்றி, வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்வாரானால், "தியானம் செய், கோயிலுக்குப் போ, சரியாகிவிடும்" என்று அறிவுரை கூறி அவரை அனுப்பிவிடாதீர்கள். அது நோய். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்களே உடன் செல்லுங்கள். அம்மனுக்கு அதில் வருத்தம் ஏதும் இராது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் விளக்கேற்றும்போது திரியை எண்ணெயில் நனைத்து, நுனியைக் கிள்ளி, சுடர் நிலைக்கும்வரை பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு கையால் விளக்கை ஏற்றிக்கொண்டே மறு கையால் செய்தித்தாளைத் தேடுவேன். உணவுண்ட தட்டை நானே கழுவுகிறேன், கழுவும்போது கழுவுகிறேன். என் துணைவியார் ஏதேனும் சொல்லத் தொடங்கினால் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கிறேன். இது மூன்றிலும் கடினமானது எது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வழிபாடு முடிந்து கொடிமரத்தின் முன் வணங்கிய பிறகு சிறிது நேரம் அமர்ந்துவிட்டுப் போகவேண்டும் என்று நம் பெரியோர் வழக்கம் வைத்தார்களே, அதை இப்போது தவறாமல் செய்கிறேன். கல்தரை குளிர்ச்சியாக இருக்கிறது. மணியோசை அடங்கிய பிறகும் காதில் சிறிது நேரம் நிற்கிறது. நாற்பது ஆண்டுகளாக வந்து போகும் ஆலயத்தில் இதை நான் கவனித்தது கடந்த சில ஆண்டுகளில்தான்.

மனம் அலையத்தான் செய்கிறது. ஒரு நிமிடம் அமர்ந்தால் ஐம்பது இடங்களுக்குப் போய்வருகிறது. போனது தெரிந்தவுடன் திரும்ப அழைத்து வந்தால் போதும். அடுத்த மரத்துக்கு நடப்பதைப் போல. கோபமும் வருகிறது, என் பிறவிக் குணம் அது. ஆனால் அது தொண்டைக்கு வருவதற்கு முன்னே வயிற்றில் சூடாகத் தெரிகிறது. தெரிந்துவிட்டால் ஒரு மூச்சு விட இடம் கிடைக்கிறது. அந்த ஒரு மூச்சின் இடம் 1996இல் எனக்கு இருந்திருந்தால்...

என் மகனுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து போய்வருகிறான். 1924இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும். நடந்தாலும் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். காலை நெரிசலில் அதைக் கடக்க ஒரு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். 2023இல் அவன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தபோது, சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க அவனுடைய வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றேன். காலை ஐந்து மணி. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள். புகை, மழைத்தூறல், ஆரன் சத்தம். ஒருவன் இடையில் புகுந்து எங்கள் வண்டியின் கண்ணாடியில் இடித்துவிட்டுத் திரும்பியும் பாராமல் முன்னே போனான். என் வயிறு சூடானது. மகனோ கண்ணாடியை நேராகத் திருப்பி வைத்தான். அவன் முதுகு மெல்லத் தாழ்ந்ததை உணர்ந்தேன். நீண்ட மூச்சொன்றை வெளியே விட்டிருக்கிறான்.

"கோபம் வரவில்லையாய்யா?" என்று கேட்டேன்.

"வரும் அப்பா. நாள்தோறும் வரும். மரம் வெட்டும்போது பாட்டி மூச்சு விடுவார்களே, அப்படி விட்டால் போய்விடும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளி விடுமுறைகளில் என் மாமனாரின் சிறு ரப்பர்த் தோட்டத்துக்குப் பாட்டியுடன் அவன் போய்வந்ததுண்டு. நான் முப்பது ஆண்டுகள் கழித்துப் புரிந்துகொண்டதை அவன் அப்போதே பாட்டியின் பக்கத்தில் நின்று கற்றிருக்கிறான். யாரை எதற்கும் உதவாதவன் என்று சொன்னேனோ அவன்!

அந்த நெரிசலில், தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே, அவன் முதுகைப் பார்த்தபடி சொன்னேன். "அன்று பால் கொட்டியதற்கு நான் உன்னை அடித்தது தவறய்யா. சொன்னது அதைவிடப் பெரிய தவறு" என்றேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. வண்டிகள் பத்தடி நகர்ந்தன, நின்றன. மீண்டும் நகர்ந்தன. பிறகு சொன்னான்: "எனக்குச் சட்டை நனைந்ததுதான் அப்பா நினைவிருக்கிறது. பாட்டி வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டை. எவ்வளவு துவைத்தும் பால் வாடை போகவே இல்லை." அதற்குள் சோதனைச் சாவடி வந்துவிட்டது. கடப்பிதழை எடுக்கச் சொன்னான்.

அன்பர்களே, நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பால்குடம் எடுப்போருக்கான அறிவிப்புகளையும் நானே சொல்லிவிடுமாறு பணித்திருக்கிறார். திருவிழாவன்று காலை ஐந்தரை மணிக்கெல்லாம் ஆற்றங்கரை மேடைக்கு வந்துவிடவேண்டும். குடத்தில் பால் நிரப்பும் பொறுப்பை மகளிர் பகுதியினர் ஏற்றுள்ளனர். வழியில் கைத்தொலைபேசியைத் தொண்டர்களிடமோ குடும்பத்தாரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். வாகன நெரிசலைக் கருதிச் சாலையின் இடப்பக்கமாகவே நடக்கவேண்டும். முதியோர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் நிழற்பந்தலில் நாற்காலிகள் உண்டு. தயங்காமல் அமர்ந்து இளைப்பாறிச் செல்லலாம்.

குடத்தின் வாயைக் கட்டாமல், பழைய முறைப்படி வாழையிலை மட்டும் வைத்து எடுக்க விரும்புவோர் அவ்வாறே செய்யலாம் என்று நிருவாகக் குழு இசைவு தந்திருக்கிறது. இலைகளை நான் கொண்டுவருகிறேன். விருப்பமுள்ளோர் இன்றே பெயர் கொடுத்துவிட்டால் எண்ணிக்கைக்கேற்ப வெட்டிவர வசதியாக இருக்கும். இதுவரை ஏழு பெயர்கள் வந்திருக்கின்றன. ஏழாவது பெயர் நேற்று இரவு ஜொகூரிலிருந்து தொலைபேசியில் வந்தது. வேலை நேரம் மாற்றிக் கிடைத்தால்தான் வரமுடியும் என்று சொல்லியிருக்கிறான். இலையை எதற்கும் வெட்டி வைக்கிறேன்.